எடிட்டர் போடும் மஞ்சள் கோட்டை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: இணைய நிரலாக்கத்தில் இது என் முதல் வேலை. ஒரு சந்தாப் படிவம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயர், மின்னஞ்சல், கைபேசி எண், 6 இலக்க ஓடிபி, கார்டு காலாவதியாகும் மாதம், புதிய கடவுச்சொல் என்று சில கட்டங்கள்தான். விஎஸ் கோட் எடிட்டரில் பாதிக் கட்டங்களுக்கு அடியில் மஞ்சள் நெளிகோடு விழுகிறது. லேபிள் எழுதியிருந்தும், 'படிவக் கட்டங்களுக்கு லேபிள் வேண்டும்: டைட்டில் அட்ரிபியூட் இல்லை, பிளேஸ்ஹோல்டர் அட்ரிபியூட் இல்லை' என்கிறது. எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு டைட்டில் போட்டேன், கோடு போய்விட்டது. ஓடிபி கட்டத்தில் இன்புட்மோட் போட்டால் 'சில பிரவுசர்களில் ஆதரவு இல்லை' என்று வந்தது. அதை எடுத்துவிட்டு டைப்பை நம்பர் ஆக்கினேன். கோடு போனது, ஆனால் மேக்ஸ்லெங்த் 6 என்று இருந்தும் பத்து இலக்கம் அடிக்க முடிகிறது. அதைப் பற்றி எடிட்டர் வாயே திறக்கவில்லை. மின்னஞ்சலின் வடிவத்தைச் சோதிக்கும் பேட்டர்னில் ஒரு பின்சாய்வுக்கோடு (\) தேவையில்லை என்றது, அதையும் எடுத்துவிட்டேன். ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் இருந்தால்தான் நிரலை ஏற்பேன் என்கிறார் எங்கள் குழுத் தலைவர். எடிட்டர் சொல்வதை நம்புவதா, வேண்டாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று மாற்றங்கள் இருக்கின்றன. டைட்டில் சேர்த்தீர்கள், டைப்பை நம்பர் ஆக்கினீர்கள், பின்சாய்வுக்கோட்டை எடுத்தீர்கள். மூன்றிலும் கோடு மறைந்தது. மூன்றிலும் படிவம் முன்பு இருந்ததைவிட மோசமாகியிருக்கிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கருவி சொன்னதை மதித்துச் செய்திருக்கிறீர்கள், முதல் வேலையில் இருக்கும் யாரும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பப்போகிறவர் உங்கள் எடிட்டரைப் பார்க்கப்போவதில்லை. அவர் பக்கம் நின்று ஒவ்வொன்றையும் திரும்ப எடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். 'எடிட்டர் சொல்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். விஎஸ் கோட் தன்னளவில் எச்டிஎம்எல் அட்ரிபியூட்களை, அதாவது டேக்குக்குள் எழுதும் டைட்டில், டைப் போன்ற பண்புகளை, சரிபார்ப்பதே இல்லை. தட்டச்சு செய்யும்போது பெயர்களை எடுத்துக் கொடுக்கும், மவுஸை மேலே வைத்தால் விளக்கம் காட்டும், பக்கத்துக்குள் பதிந்திருக்கும் ஸ்டைலையும் ஸ்கிரிப்ட்டையும் சோதிக்கும், அவ்வளவுதான். கட்டத்துக்கு அடியில் கோடு போடுவது நீங்களோ குழுவோ நிறுவிய ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது எடிட்டரோடு சேர்க்கும் துணைநிரல். அது எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிராப்ளம்ஸ் பலகை திறக்கும். ஒவ்வொரு எச்சரிக்கையின் வால்பகுதியிலும் அதைச் சொன்ன கருவியின் பெயர் இருக்கும், பெரும்பாலும் விதியின் பெயரும் இருக்கும். நிரலில் குறை தேடும் கருவிகளான வெப்ஹின்ட்டா, இஎஸ்லின்ட்டா, வேறு ஏதாவதா என்று பாருங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரே மஞ்சள் நிறத்தில் நாலு விதமான பேச்சு வருகிறது. 'இந்த அட்ரிபியூட் எச்டிஎம்எல் தரநிலையிலேயே இல்லை' என்பது ஒன்று. 'தரநிலையில் உண்டு, ஆனால் இந்த டைப்புக்குப் பொருந்தாது' என்பது இன்னொன்று. 'பொருந்தும், ஆனால் ஏதோ ஒரு பிரவுசரில் வேலை செய்யாது' என்பது மூன்றாவது. 'வேலை செய்யும், ஆனால் பயன்படுத்துகிறவருக்குச் சிரமம் தரும்' என்பது நான்காவது. முதல் இரண்டும் தரநிலையைத் திறந்து பார்த்தால் தீர்ந்துவிடும். மூன்றாவது, யாருக்காகப் படிவம் கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்காவதற்கு நீங்கள் படிவத்தைப் பயன்படுத்திப் பார்த்தே ஆகவேண்டும். நிறம் ஒன்று என்பதால் நான்குக்கும் ஒரே மரியாதை கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரி, லேபிளுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் பார்வைக்கு வரும் படிவங்களில் அதிகம் பாழாகிப்போவது இந்த இடம்தான். அந்த எச்சரிக்கை வாசகத்தின் ஊற்று, ஆக்ஸ் என்ற அணுகல்தன்மைச் சோதனை நூலகம். வெப்ஹின்ட் அதைத் தனக்குள் வைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் டூல்ஸ் எக்ஸ்டென்ஷனை நிறுவினால் வெப்ஹின்ட்டும் கூடவே வந்துவிடும். ஆக்ஸின் விதி கேட்பது ஒன்றுதான்: இந்தக் கட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறதா? அந்தப் பெயர் பல வழியில் வரலாம். லேபிள் டேக் கட்டத்தைத் தனக்குள் வைத்திருக்கலாம். லேபிளின் ஃபார் மதிப்பும் கட்டத்தின் ஐடியும் ஒன்றாக இருக்கலாம். பெயரை நேரடியாக எழுதும் ஏரியா-லேபிள் இருக்கலாம், பக்கத்தில் வேறு இடத்தில் உள்ள எழுத்தைப் பெயராகச் சுட்டும் ஏரியா-லேபிள்ட்பை இருக்கலாம். இவை எதுவுமே இல்லாதபோது கடைசிப் புகலாக டைட்டில், பிளேஸ்ஹோல்டர். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் விதி திருப்தியாகிவிடும். ஆனால் எடிட்டரில் வந்து விழும் வாசகத்தில் நல்ல வழிகள் எல்லாம் காணாமல் போய், கடைசி இரண்டு மட்டும் நிற்கின்றன. படிப்பவர் 'டைட்டிலும் பிளேஸ்ஹோல்டரும் சேர்க்கச் சொல்கிறது' என்றுதான் எடுத்துக்கொள்வார். குறை இருப்பது உண்மை. காட்டப்படும் மருந்துதான் தவறானது.

லேபிள் எழுதியிருக்கிறேனே என்கிறீர்கள். எழுதியிருப்பீர்கள், ஆனால் அது கட்டத்தோடு இணைந்திருக்காது. ஃபாருக்கு எதிரே கட்டத்தின் நேம் மதிப்பைக் கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இது மிக அதிகம் நடக்கும் பிசகு. ஃபார் தேடுவது ஐடியை மட்டும்தான், நேம் அதற்குக் கண்ணில் படாது. ஐடி இருந்தும் இணையவில்லை என்றால் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருக்கலாம், அல்லது ஒரே ஐடி பக்கத்தில் இரண்டு இடத்தில் இருக்கலாம். அப்படி இருந்தால் லேபிள் முதல் கட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டாவது அநாதையாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவியே தேவையில்லை. பக்கத்தை பிரவுசரில் திறந்து, லேபிள் எழுத்தின் மேல் கிளிக் செய்யுங்கள். கர்சர் அந்தக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தால் இணைப்பு சரி. போகவில்லை என்றால் எச்சரிக்கை நியாயமானது, லேபிளைச் சரி செய்யுங்கள். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் அக்சஸிபிலிட்டி பகுதியைப் பாருங்கள். கட்டத்துக்கு என்ன பெயர் கிடைத்திருக்கிறது, அது எங்கிருந்து கிடைத்தது என்று அங்கே எழுதியிருக்கும்.

கர்சர் போகிறது, பெயரும் வருகிறது, எடிட்டர் மட்டும் இன்னும் கோடு போடுகிறது என்றால்? அதுவும் நடக்கும். லேபிள் ஒரு கோப்பிலும் கட்டம் இன்னொரு கோப்பிலும் இருக்கும் திட்டங்களில், பக்கத்தைத் துண்டு துண்டாகக் கட்டும் ரியாக்ட் நூலகத்தின் கம்போனென்ட் மாதிரி, எடிட்டர் தன் முன்னால் திறந்திருக்கும் கோப்பை மட்டும் பார்த்துப் பேசுகிறது. முழுப் பக்கமாகச் சேர்ந்து வந்தபின் பிரவுசர் பார்ப்பது அதற்குத் தெரியாது. அந்த நிலையில் பிரவுசரில் ஓடும் ஆக்ஸ் சோதனை சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள், எடிட்டர் சொல்வதை விட்டுவிடுங்கள்.

இப்போது நீங்கள் போட்ட டைட்டில். அதை எடுத்துவிடச் சொல்வேன். தொடுதிரையில் டைட்டில் தெரியாது. விசைப்பலகையால் மட்டும் நகர்கிறவருக்கும் தெரியாது. மவுஸ் வைத்திருப்பவருக்குச் சற்று நேரம் காத்திருந்தால் தெரியும். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பயன்படுத்துகிறவருக்கு, லேபிள் சரியாக இருந்துவிட்டால் டைட்டில் கூடுதல் விளக்கமாக மாறிவிடும், ஒரே விஷயத்தை இரண்டு முறை கேட்க நேரலாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. பேட்டர்ன் உள்ள கட்டத்தில் டைட்டிலுக்கு ஒரு தனி வேலையைத் தரநிலையே கொடுத்திருக்கிறது: எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்பதை அது சொல்ல வேண்டும். கட்டத்தில் எழுதியது பேட்டர்னுக்குப் பொருந்தாதபோது குரோம் காட்டும் பிழைக் குமிழியில், 'கேட்ட வடிவத்தில் எழுதுங்கள்' என்பதற்கு அடியில் உங்கள் டைட்டில் வந்து நிற்கும். கோட்டை அழிப்பதற்காக 'ஏதோ ஒன்று' போட்டிருந்தால், தவறாகத் தட்டிவிட்டுத் தவிக்கும் ஒருவர் அந்த நேரத்தில் படிக்கப்போவது அந்த 'ஏதோ ஒன்றை'த்தான். அங்கே ஒரு பயனுள்ள வரி இருந்திருக்க வேண்டும்.

பிளேஸ்ஹோல்டரும் பெயருக்கு மாற்று இல்லை. ஒரு எழுத்து அடித்ததும் மறைந்துவிடும். அனுப்புவதற்கு முன் படிவத்தை மறுபடி சரிபார்க்கிறவர், எந்தக் கட்டம் எதற்கு என்று ஊகிக்க வேண்டியிருக்கும். எப்படி எழுத வேண்டும் என்று மாதிரி காட்டுவதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், தலைப்பாக வேண்டாம்.

அடுத்து ஓடிபி. 'சில பிரவுசர்களில் இன்புட்மோட்டுக்கு ஆதரவு இல்லை' என்ற எச்சரிக்கையை முதலில் பார்ப்போம். இன்புட்மோட் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. கைபேசித் திரையில் எழும்பும் விசைப்பலகை எந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அது பிரவுசருக்குச் சொல்கிறது. நியூமெரிக் என்று கொடுத்தால் எண்கள் மட்டும் உள்ள பலகை வரும். குரோம் இதை 2018-ல் 66-ஆம் பதிப்பில் கொண்டுவந்தது, ஐபோனின் சஃபாரி 2019-ல் 12.2-ல் கொண்டுவந்தது, மேசைக்கணினி ஃபயர்ஃபாக்ஸ் 2021 டிசம்பரில் 95-ஆம் பதிப்பில்தான் சேர்த்தது. இடைப்பட்ட காலத்துத் தரவை வைத்திருக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன், ஆதரவு இல்லை என்று எழுதினால் அது எழுதப்பட்ட நாளில் பொய் இல்லை. எச்டிஎம்எல் தரநிலை இப்போது பதிப்பு எண் போட்டு வருவதில்லை. வாட்டபிள்யூஜி அமைப்பு அதைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறது, 2019-ல் இன்னொரு தரநிலை அமைப்பான டபிள்யூ3சியும் அந்த ஒரே ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. தரநிலையும் பிரவுசர்களும் நகர்ந்துகொண்டிருக்க, எக்ஸ்டென்ஷனுக்குள் இருக்கும் பட்டியல் அது கட்டப்பட்ட நாளில் நின்றுவிடுகிறது. ஆகவே இந்த மாதிரி எச்சரிக்கை வந்தால் எக்ஸ்டென்ஷனைப் புதுப்பித்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்புறம் இணைய நிரலாளர்களுக்கான எம்டிஎன் ஆவணத் தளத்தில் அந்த அட்ரிபியூட்டின் பக்கத்தில் இருக்கும் பிரவுசர் அட்டவணையைப் பாருங்கள்.

அட்டவணையிலும் ஒரு பிரவுசரில் இல்லை என்றே இருக்கட்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி இது: ஆதரவு இல்லாத இடத்தில் என்ன ஆகும்? தனக்குத் தெரியாத அட்ரிபியூட்டை பிரவுசர் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். டைப்புக்குத் தெரியாத மதிப்பு வந்தால் அதைச் சாதாரண உரைக் கட்டமாக எடுத்துக்கொள்ளும். எச்டிஎம்எல் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இன்புட்மோட் தெரியாத பிரவுசரில் வழக்கமான விசைப்பலகை வரும், எண்ணை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். தெரிந்த பிரவுசரில் வசதி கூடும். இழப்பு எங்கேயும் இல்லை. இப்படிப்பட்ட அட்ரிபியூட்டை ஒரு மஞ்சள் கோட்டுக்குப் பயந்து எடுப்பது, அந்த வசதி கிடைக்கக்கூடிய எல்லோரிடமிருந்தும் அதைப் பிடுங்குவதாகும்.

டைப்பை நம்பர் ஆக்கினால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. நம்பர் கட்டத்தில் மேக்ஸ்லெங்த்துக்கு வேலையே இல்லை. அது உரை, தேடல், தொலைபேசி, இணைய முகவரி, மின்னஞ்சல், கடவுச்சொல் ஆகிய ஆறு டைப்புகளுக்கும் பல வரி எழுதும் டெக்ஸ்ட்ஏரியாவுக்கும் மட்டுமே. பேட்டர்னுக்கும் அதே ஆறு டைப்புகள்தான். நம்பரின் எல்லையை மின், மேக்ஸ் என்ற இரண்டும் சொல்லும், ஆனால் அவை மதிப்பைத்தான் அளக்கும், எத்தனை இலக்கம் என்பதை அளக்காது. அடுக்குக்குறி எழுத்தான ஆங்கில 'e'யை அது ஏற்கும், ஏனென்றால் அறிவியல் முறையில் எண் எழுத அது தேவை. கர்சர் உள்ளே இருக்கும்போது மவுஸ் சக்கரத்தை உருட்டினால் சில பிரவுசர்களில் எண் தானாக ஏறும், இறங்கும். அடித்தது எண்ணாகத் தேறவில்லை என்றால் ஸ்கிரிப்ட்டுக்கு வெற்று மதிப்பு போய்ச் சேரும், என்ன அடித்தார் என்பதே தெரியாது. ஓடிபி பூஜ்யத்தில் தொடங்கினால், அதை எண்ணாக மாற்றிய கணத்தில் அந்தப் பூஜ்யம் போய்விடும்.

எது எண் என்பதைப் பிரித்தறிய எச்டிஎம்எல் தரநிலையே ஒரு நல்ல அளவுகோல் தருகிறது. ஏற்று இறக்கு அம்புக்குறி வைத்தால் பொருத்தமாக இருக்குமா என்று யோசிக்கச் சொல்கிறது. கார்டு எண்ணின் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் அது 'கிட்டத்தட்டச் சரி' ஆகாது, முழுத் தவறுதான். ஆகவே அங்கே நம்பர் கூடாது. ஓடிபியும் அப்படியே. அது இலக்கங்களால் ஆன ஒரு சொல். பிரிட்டன் அரசின் கவ்.யூகே வடிவமைப்புக் குழுவும் இந்த மாதிரிச் சிக்கல்களைப் பார்த்துவிட்டுத்தான் 2020-ல் நம்பர் டைப்பை விட்டு, உரைக் கட்டத்தோடு இன்புட்மோட் நியூமெரிக் என்ற வழிக்கு மாறியது.

உங்கள் ஓடிபி கட்டத்தை இப்படி வையுங்கள்: டைப் டெக்ஸ்ட், இன்புட்மோட் நியூமெரிக், மேக்ஸ்லெங்த் 6, பேட்டர்னில் ஆறு இலக்கம், ஆட்டோகம்ப்ளீட்டுக்கு மதிப்பாக ஒன்-டைம்-கோட். கடைசியாகச் சொன்னது இருந்தால், குறுஞ்செய்தியில் வந்த எண்ணை ஐபோன் விசைப்பலகைக்கு மேலே எடுத்துக் காட்டும், ஒரு தட்டில் நிரப்பிவிடலாம். கைநடுக்கம் உள்ளவருக்கும் கண் மங்கியவருக்கும் அந்த ஒரு தட்டு எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்.

மேக்ஸ்லெங்த் வேலை செய்யாததைப் பற்றி எடிட்டர் வாய் திறக்கவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான். பொய்யான எச்சரிக்கை எரிச்சலைத் தரும், ஆனால் கண்ணுக்குத் தெரியும், கேள்வி கேட்கலாம். மௌனத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. கோடு இல்லை என்றால் அது சரி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. எச்டிஎம்எல்லைத் தரநிலையோடு ஒப்பிடும் டபிள்யூ3சியின் நு எச்டிஎம்எல் செக்கரில் அதே நிரலைப் போட்டிருந்தால், 'மேக்ஸ்லெங்த் இந்த ஆறு டைப்புகளுக்கு மட்டுமே' என்று பட்டியலோடு பிழை காட்டியிருக்கும். அட்ரிபியூட் பெயரை எழுத உதவுவதும் அது இந்த டைப்புக்குப் பொருந்துமா என்று பார்ப்பதும் இரண்டு தனி வேலைகள், உங்கள் எடிட்டரில் முதலாவது மட்டும்தான் நடந்துகொண்டிருந்தது.

மௌனமாக நுழையும் இன்னும் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். ரிக்வயர்ட், டிஸேபிள்ட், ரீட்ஒன்லி போன்றவை இருக்கிறதா இல்லையா என்பதுதான் கணக்கு. டிஸேபிள்ட்டுக்கு ஃபால்ஸ் என்று மதிப்புக் கொடுத்தாலும் கட்டம் முடங்கியேதான் இருக்கும். வேண்டாம் என்றால் அந்தச் சொல்லையே எடுத்துவிட வேண்டும். ரீட்ஒன்லி செக்பாக்ஸுக்கும் ரேடியோவுக்கும் ஃபைலுக்கும் பொருந்தாது, போட்டாலும் பயனர் மாற்றிக்கொண்டுதான் இருப்பார். ரியாக்ட்டில் எழுதும்போது வேறு ஒரு பொறி உண்டு. வேல்யூ கொடுத்து, பயனர் மாற்றும்போது ஓடும் ஆன்சேஞ்ச் கொடுக்காவிட்டால், 'ஆன்சேஞ்ச் சேருங்கள் அல்லது ரீட்ஒன்லி ஆக்குங்கள்' என்று ஒரு எச்சரிக்கை வரும். கைக்கு எளிதாக வருவது இரண்டாவது. அதைச் சேர்த்ததும் எச்சரிக்கை போய்விடும், கட்டத்தில் யாராலும் எதுவும் எழுத முடியாது என்பது அப்படியே நிலைத்துவிடும். உங்கள் டைட்டில் கதைக்கு இது உடன்பிறப்பு.

இப்போது மின்னஞ்சல் பேட்டர்ன். இங்கேதான் உங்களுக்குத் தெரியாமலேயே பெரிய சேதம் நடந்திருக்கலாம். சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு இணைப்புக்குறியும் அதற்கு முன் பின்சாய்வுக்கோடும் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். பழைய ஜாவாஸ்கிரிப்ட் விதிப்படி, அடைப்புக்குறியின் கடைசியில் வரும் இணைப்புக்குறிக்கு அந்தப் பின்சாய்வுக்கோடு தேவையில்லை. 'இது உபரி' என்று சொன்ன கருவி அந்த விதியை வைத்துத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் பேட்டர்ன் அட்ரிபியூட்டை பிரவுசர் எந்த முறையில் வாசிக்க வேண்டும் என்பதை எச்டிஎம்எல் தரநிலை 2023-ல் மாற்றியது. பேட்டர்னை வாசிக்கும் முறையைக் குறிக்கும் எழுத்துக்கு ஃபிளாக் என்று பெயர்: முன்பு 'யு' (u) ஃபிளாக், இப்போது 'வி' (v) ஃபிளாக். 'வி' முறையில் சதுர அடைப்புக்குறிக்குள் இணைப்புக்குறியை ஒரு எழுத்தாகவே எழுத வேண்டுமென்றால் பின்சாய்வுக்கோடு கட்டாயம். வட்ட அடைப்பு, நெளி அடைப்பு, சாய்வுக்கோடு, செங்குத்துக்கோடு ஆகியவற்றுக்கும் உள்ளே இதே கட்டாயம் உண்டு. அடைப்புக்குறிக்கு வெளியே நிலைமை தலைகீழ்: அங்கே இணைப்புக்குறிக்குப் பின்சாய்வுக்கோடு போட்டால் அதுவே பிழை.

இதை மீறினால் என்ன ஆகும் தெரியுமா? பேட்டர்னைப் புரிந்துகொள்ள முடியாத பிரவுசர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, சோதனையே இல்லாமல் எதையும் ஏற்றுக்கொள்ளும். திரையில் ஒரு அறிகுறியும் இருக்காது. பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் செய்திகள் வரும் கன்சோலைத் திறந்தால் மட்டும், இந்தப் பேட்டர்ன் செல்லாது என்று ஒரு வரி இருக்கும். டைப் இமெயில் தன் சொந்தச் சோதனையைச் செய்துகொண்டிருப்பதால் உங்கள் படிவம் இன்னும் சரியாக இருப்பது போலவே தெரிந்திருக்கும். கன்சோலைத் திறந்து பாருங்கள், அந்தப் பின்சாய்வுக்கோட்டைத் திரும்பப் போடுங்கள். உபரி என்று சொல்லும் விதியைப் பேட்டர்ன் அட்ரிபியூட்டுக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். மின்னஞ்சலுக்கு டைப் இமெயில் செய்யும் சோதனையே போதும், தனிப் பேட்டர்ன் எதற்கு என்பது என் கருத்து. சொந்தமாக எழுதிய மின்னஞ்சல் பேட்டர்ன்கள் செல்லுபடியாகும் முகவரிகளையும் திருப்பி அனுப்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதக் கட்டத்துக்கு ஆதரவு இல்லை என்று எச்சரிக்கை வந்திருந்தால் அதை நம்புங்கள். மேசைக்கணினி ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் மந்த் டைப் வெறும் உரைக் கட்டமாகத்தான் நிற்கிறது. கார்டு காலாவதிக்கு மாதம், ஆண்டு என்று இரண்டு இலக்கக் கட்டங்கள் போதும், கார்டில் அச்சாகியிருப்பதும் அப்படித்தான். எப்படியும் மந்த்தான் வேண்டும் என்றால், உரைக் கட்டமாக மாறும் இடத்துக்காகக் கூடவே ஒரு பேட்டர்ன் வைப்பது நல்ல யோசனை. ஆனால் மந்த்துக்குப் பேட்டர்ன் பொருந்தாது என்று செக்கர் சொல்லும். அது சொல்வதும் சரி, நீங்கள் செய்வதும் சரி. இந்த மாதிரி இடத்தில் காரணத்தை எழுதிவிட்டு எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாம்.

புதிய கடவுச்சொல் கட்டத்துக்கு ஆட்டோகம்ப்ளீட் வேண்டும் என்று குரோம் கன்சோல் சொல்லியிருந்தால், உடனே கேளுங்கள். நியூ-பாஸ்வேர்ட் என்று கொடுங்கள். கடவுச்சொல் மேலாளர் புதிதாக ஒன்றை உருவாக்கித் தரும், பழையதைக் கொண்டுவந்து திணிக்காது. பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் கைபேசிக்கும் உரிய ஆட்டோகம்ப்ளீட் மதிப்புகளைக் கொடுங்கள். பயனரைப் பற்றிய கட்டங்களுக்கு இது வேண்டும் என்று 2018-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 அணுகல்தன்மை வழிகாட்டியே கேட்கிறது. கைபேசிக்கு டைப் டெல் சரியானது, ஆனால் அது எண்ணின் வடிவத்தைச் சோதிக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக உங்கள் குழுத் தலைவர். எச்சரிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நூறு பொய்க் கோடுகளுக்கு நடுவே ஒரு உண்மைக் கோடு யார் கண்ணிலும் படாது. ஆனால் பூஜ்யத்தைக் கொண்டுவர நிரலை வளைக்கக் கூடாது, கருவியின் அமைப்பைத் திருத்த வேண்டும். அவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். முதலில், எந்த பிரவுசர்களுக்காகக் கட்டுகிறோம் என்று குழுவாக முடிவு செய்து பிரவுசர்ஸ்லிஸ்ட் அமைப்பில் எழுதுவோம். வெப்ஹின்ட் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஆதரவு எச்சரிக்கைகளைக் கொடுக்கிறது. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்துவிட்ட இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 இன்னும் அந்தப் பட்டியலில் இருந்தால், அதற்காகவே பல கோடுகள் வந்துகொண்டிருக்கும். இரண்டாவது, அணைக்கும் விதி ஒவ்வொன்றையும் திட்டத்தின் கோப்பிலேயே அணைப்போம், தனித்தனிக் கணினியில் வேண்டாம். வெப்ஹின்ட்டுக்கு ஹின்ட்ஆர்சி கோப்பு இருக்கிறது. இஎஸ்லின்ட்டில் விதியை அணைக்கும் கமென்ட்டிலேயே இரண்டு இணைப்புக்குறி போட்டுக் காரணத்தையும் எழுதலாம். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர் வைத்திருப்பவர்கள் தெரியாத அட்ரிபியூட்டைத் தங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ள ஆல்ட்டும் என்டரும் போதும். மூன்றாவது, நிரலை ஏற்பதற்கு முன் கட்டி முடித்த பக்கத்தை நு செக்கரிலும் ஆக்ஸிலும் ஓட்டுவோம். எடிட்டர் மௌனமாக விட்டதை அவை பிடிக்கும். இவற்றுக்கும் மேலே, சர்வரிலும் எல்லாக் கட்டங்களையும் சரிபார்க்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. பிரவுசர் பக்கம் போட்ட அட்ரிபியூட்டை யார் வேண்டுமானாலும் டெவலப்பர் கருவியில் அழித்துவிட்டு அனுப்பலாம்.

இதையெல்லாம் செய்தபின்னும் ஏதாவது ஒரு கோடு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால், அதைக் காட்டும் மிகச் சிறிய எச்டிஎம்எல் கோப்பு ஒன்றை, ஒரு லேபிளும் ஒரு கட்டமும் மட்டும் வைத்து, எழுதுங்கள். எக்ஸ்டென்ஷனின் பதிப்பு எண், தரநிலையில் அந்த அட்ரிபியூட் பற்றிய பகுதி, கருவி சொன்ன வாசகம் ஆகியவற்றோடு சேர்த்து அதன் பிழைப்பதிவில் போடுங்கள். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை திறமூலமாக வளர்பவை, பட்டியலில் ஒரு வரியைத் திருத்தினாலே சரியாகிவிடும் பிழைகள் நிறைய உண்டு. அடுத்து முதல் வேலைக்கு வருகிற ஒருவர் அதே கோட்டைப் பார்த்து அதே டைட்டிலைச் சேர்க்க வேண்டியிருக்காது.